நாடாவின் வலது முனை

ஜூலை 8, செவ்வாய்

சி ஷிஃப்ட் வாரம். ராத்திரி வேலை முடிந்து கம்பெனி பஸ் ஏழு பத்துக்கு எங்கள் ஊர்க் கோட்டை மைதானத்துக்கிட்ட இறக்கிவிட்டது. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒன்பது மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு விசைத்தறி எழுப்பிவிடும். அதனால் முதலில் ஓட்டம், அப்புறம் குளியல், தறி நிற்கிற மத்தியான நேரத்தில் தூக்கம்.

ஜனவரி 4-ஆம் தேதி வேலூரில் அரை மாரத்தான். செய்யாறில் பை தைக்கும் எங்கள் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பெண்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டரில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தவள் என்று முப்பத்து நாலு வயது வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன். சொன்னது போதும் என்று தோன்றியது. பெயர் கொடுத்துவிட்டேன்.

இன்று நாலாவது சுற்றில் ஒரு பெண் கூப்பிட்டாள். அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாக நடப்பவள். முன்பும் பார்த்திருக்கிறேன். கண் தெரியாது.

"ஏங்க, நாலு ரவுண்டா ஒரே மாதிரி அடி வச்சிகினு போறீங்களே. தெனமும் வருவீங்களா?"

"ஷிஃப்ட்டுக்குத் தக்கன வருவேங்க."

"என்னையும் கூட்டிகினு ஓடறீங்களா?"

அண்ணன், "திலகா, சும்மா வா" என்றார். அவள் நகரவில்லை. நான் என்ன சொல்வது? சரி என்றேன். பெயர் திலகவதி. கூட்டுறவு வங்கியில் வேலை. பதினோரு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போயிற்றாம். அதற்கு முன்னால் தெருவில் எல்லாப் பையன்களையும் முந்திக்கொண்டு ஓடுவாளாம்.

ஜூலை 10, வியாழன்

கையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தோம். முழங்கைகள் இடித்துக்கொண்டன. என் கால் மேல் அவள் கால். இருநூறு மீட்டர்தான். அதற்கே இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினோம். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் ஓடுகிறாளாம்.

"மேடம், வலிக்குதா?" என்று கேட்டேன்.

"மேடம்னு கூப்டாதீங்க க்கா. கவுண்டர்ல உக்காந்துகினு இருக்கற மாதிரியே இருக்குது."

ஜூலை 13, ஞாயிறு

பாவாடை நாடா ஒரு முழம் வெட்டி இரண்டு முனையிலும் வளையம் போட்டேன். ஒரு வளையத்தில் அவள் வலது கை, இன்னொன்றில் என் இடது கை. வண்டிகள் போகிற பக்கம் நான், ரோட்டோரம் அவள். நான் பேசிக்கொண்டே ஓட வேண்டும். மேடு. பள்ளம். ரைட்டு. கல்லு. நாய் படுத்திருக்கு, ஒண்ணும் பண்ணாது.

வீட்டில் என் வீட்டுக்காரர் குப்புராஜ் நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னைக் கட்டிகினதுக்கு அப்பறம் நீ வேற யாரையும் கட்ட மாட்டேன்னு நெனச்சேனே" என்றார். டாடா ஏஸ் ஓட்டுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் கேலி.

ஜூலை 24, வியாழன்

ஏ ஷிஃப்ட். விடியற்காலை நாலே முக்காலுக்கு பஸ். ஓட்டம் சாயங்காலம், திலகா வங்கியிலிருந்து வந்த பிறகு.

அவள் அண்ணன் சரவணன் இன்று தனியாக என்னிடம் வந்தார். கொசப்பாளையத்தில் நாலு விசைத்தறி வைத்திருக்கிறார். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"ரோட்டுக்குக் கூட்டிகினு போவப் போறீங்களாமே. கீழ விழுந்தா யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

உடனே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லியிருக்க வேண்டுமோ?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செய்யாறு ரோட்டில் இரும்பேடு கூட்டு ரோடு வரை போய்த் திரும்பினோம். டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, கையைக் கட்டிகினு ஓடறீங்க. வேண்டுதலா?"

"ஆமாங்க ஐயா. இருபத்தோரு கிலோமீட்டர் வேண்டுதல்" என்றாள் திலகா, நிற்காமல்.

அரை மாரத்தானுக்கு அவளும் வருகிறாள். எப்போது முடிவு பண்ணினாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. ஓடவில்லை. லைனில் எழுநூறு பை செக் பண்ணினேன். கண் எரிகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பத்து கிலோமீட்டர்!

எழுதி வைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. தையல் கோணலாக இருக்கிறது என்று பையை ஒதுக்கினால் சூப்பர்வைசர் ஜீவானந்தம் அதையே எடுத்து மறுபடி பெட்டியில் போடுவார். வீட்டில் பாப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே எல்லாம் தெரியும். குப்புராஜுக்கு நான் பேசுவது பாதி கேலி. ரோட்டில் நான் "ரைட்டு" என்று ஒரு சொல் சொல்கிறேன், ஒருத்தி கொஞ்சமும் யோசிக்காமல் முழு வேகத்தில் வலது பக்கம் திரும்புகிறாள். அங்கே சுவர் இல்லை என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி கிடையாது. நான் சொன்னேன், அவ்வளவுதான்.

இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வேலூருக்குப் பதிவு செய்துவிட்டோம். அவளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு எண். எனக்கு 'வழிகாட்டி' என்று அச்சடித்த எண் தருவார்களாம். கம்பெனி கணக்கில் கொடுத்த என் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் என் நேரம் தனியாக வராது. ஜீவானந்தம், "அப்ப உனக்கு இன்னா லாபம்?" என்றார். தெரியலைங்க என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பதினாலு. கடைசி இரண்டு கிலோமீட்டரில் நாடா இறுகியே இருந்தது. நான் இழுக்கவில்லை, அவள் இழுத்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இது பி ஷிஃப்ட் வாரம், ராத்திரி பத்துக்கு முடியும். நேற்று வேலை முடிந்து பஸ் ஏறப் போகும்போது ஜீவானந்தம் நிறுத்தினார். தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய சரக்கு, சி ஷிஃப்ட்டில் மூணு பேர் வரவில்லை, இரு என்றார். இருந்தேன். பதினாறு மணி நேரம். திலகாவுக்கு மட்டும், "இந்த வாரம் ஷிஃப்ட் மாத்திட்டாங்க, ஏழேகாலுக்கு வரேன்" என்று குரல் செய்தி அனுப்பினேன். ரெட்டை ஷிஃப்ட் என்று சொன்னால் வேண்டாம் என்பாள். சொல்லவில்லை.

மைதானத்தில் காத்திருந்தாள். "தூங்கினீங்களா க்கா?"

"பகல்ல நல்லா தூங்கினேன்."

பொய். பச்சைப் பொய்.

ஆறாவது கிலோமீட்டர். சின்னப் பாலம் வேலை நடக்கிற இடம். ஜல்லியை ரோட்டோரமாகக் கொட்டியிருந்தார்கள். எனக்கு அந்த ஜல்லி தெரிந்தது. தூரத்திலேயே தெரிந்தது. பிறகு... பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் ஓடிக்கொண்டிருந்தது, கண் திறந்திருந்தது, நான் மட்டும் அங்கே இல்லை. மூணு அடியோ நாலு அடியோ. ஒரு லாரி ஹார்ன் அடித்தது. முழிப்பு வந்தபோது நாடா என் கையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

திலகாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. உதடு கிழிந்து ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் கத்தினேனா அழுதேனா தெரியல. ஷேர் ஆட்டோ ஒண்ணு நின்னுச்சு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல். நாலு வாரம் கட்டு.

சரவணன் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் திலகா, வீங்கிய உதட்டோடு, "அவங்க சொன்னாங்கண்ணா. லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிட்டான். எனக்குத்தான் காதுல விழல" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் பண்ணினேன். பல் கட்டுவதற்கு ஆர்க்காட்டில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார்களாம். "ஜனவரிக்குள்ள சரியாய்டும் க்கா, நீங்க விடாம ஓடுங்க" என்கிறாள் எனக்கு! நான் சரி சரி என்றேன்.

குப்புராஜிடம் மட்டும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டார். "இப்ப போய் சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தப் பொண்ணே உன் பேர்ல தப்பு இல்லன்னுட்டுது. வுட்டுத் தள்ளு" என்றார். கேலி இல்லை. எனக்கு நல்லதுதான் சொன்னார்.

விட்டுத் தள்ளலாம். யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பாப்பாவுக்கு மத்தாப்பு. நான் நாள் முழுக்கத் தூங்கினேன். தூங்கி என்ன?

அக்டோபர் 26, ஞாயிறு

திலகா வீட்டுக்குப் போனேன். பார்த்து நலம் விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் அம்மா தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தார். சரவணன் தறிக்கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "அன்னைக்கி நான் உங்கள ஒரு பார்வை பார்த்துட்டேங்க. மனசுல வச்சிக்காதீங்க. நீங்க மட்டும் ஜல்தியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போவலன்னா பேஜாரா போயிருக்கும். உங்களுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்" என்றார்.

அதிரசத்தை வாயில் வைத்திருந்தேன். மிச்சத்தைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"நான் சொல்லலைங்க" என்றேன்.

"இன்னாது?"

"ஜல்லி இருக்குதுன்னு நான் சொல்லல. அன்னைக்கி நான் ரெட்டை ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தேன். ஓடிகினு இருக்கும்போதே தூங்கிட்டேன். ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு சொன்னது பொய்."

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. சரவணன் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து, உட்காராமல் நின்றார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திலகா கேட்டாள். "நீங்க வாயே தொறக்கலையா?"

"இல்ல."

"ஒரு சத்தம்கூட குடுக்கலையா?"

"இல்ல திலகா."

அப்புறம் அவளே பேசினாள். குரல் உயரவே இல்லை.

"ஹார்ன் சத்தத்துல உங்க கொரலு எனக்குக் கேக்கலன்னு நெனச்சேன். பதினாறு நாளா என் காதைத்தான் திட்டிகினு இருக்கேன். ரோட்டைத் தாண்டறப்போ பயம். பேங்க்ல யாராவது பேசினா, சரியாத்தான் கேட்டமான்னு ரெண்டு வாட்டி கேக்கறேன். எனக்குன்னு இருக்கறது இந்தக் காது ஒண்ணுதாங்க்கா. அதையே சந்தேகப்பட வச்சிட்டீங்களே."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

"விழுந்தது பரவால்ல. தூங்கலன்னு சொல்லியிருந்தா நடந்துட்டு வந்திருப்போம். அவ்ளோதானே?" என்றாள். அப்புறம், "நீங்க போங்க க்கா" என்றாள்.

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பி ஷிஃப்ட். ஓடவில்லை.

நவம்பர் 5, புதன்

நாடா துணி அலமாரியில் இருக்கிறது. பாப்பா எடுத்து ஸ்கூல் பையில் கட்டப் பார்த்தாள். வாங்கி வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்ட நேரம் பார்த்துத் தனியாக எட்டு கிலோமீட்டர். வாய் சும்மா இருக்கிறது. ரொம்ப அமைதியாக இருக்கிறது ரோடு, எனக்குப் பிடிக்கவில்லை.

குப்புராஜ் கேட்டார், "உனக்காவ ஓடினா ஆவாதா?" ஆகும். ஏன் ஆகாது? கால் ஓடுகிறது. ஆனால் ஐந்தாவது கிலோமீட்டரில், எதுக்கு இதெல்லாம், வீட்டுக்குப் போனா ரெண்டு மணி நேரம் தூங்கலாமே என்று தோன்றிவிட்டது. இத்தனை நாளில் அப்படித் தோன்றினதே கிடையாது.

நவம்பர் 15, சனி

மைதானத்தில் திலகா ஓடுகிறாள் என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். யாரோ ஒரு டீச்சரோடு.

நல்லது. நல்லதுதானே. இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு நேரம் ஆகிறது பார்.

நவம்பர் 23, ஞாயிறு

திலகாவிடமிருந்து குரல் செய்தி. நாலைந்து முறை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"க்கா, திலகா பேசறேன். கட்டு பிரிச்சாச்சு. லாவண்யான்னு ஒரு பி.இ.டி. டீச்சர், எங்க பேங்க்ல கணக்கு வச்சிருக்காங்க, அவங்க ஒரு வாரமா கூட ஓடறாங்க. நல்லா ஓடறாங்க. ஆனா மூச்சு விடாம பேசறாங்க, மேடு பள்ளம் சொல்றதுக்கு நடுவுல சமையல் குறிப்பு எல்லாம் சொல்றாங்க. உங்க மேல கோவம் முழுசா போவல, சும்மா சொல்லக்கூடாது. ஆனா நெனச்சுப் பார்த்தா, அதை நீங்களா வந்து சொல்லலன்னா எனக்கு சாவற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னதுக்கு அப்பறம் தைரியமா ரோட்டைத் தாண்டறேன். என் காது நல்லாத்தான் இருக்குது. வர ஞாயித்துக்கிழமை வாங்க. ஒண்ணே ஒண்ணு. ஓடறதுக்கு முன்னால எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு கேப்பேன். நம்பர் சொல்லணும். கொறைவா இருந்தா தப்பில்ல. பொய்யா இருக்கக்கூடாது."

நவம்பர் 30, ஞாயிறு

"எவ்ளோ?"

"ஆறரை."

"போலாம்."

ஒன்பது கிலோமீட்டர். ஜல்லி கொட்டிய இடத்தில் இப்போது புதுப் பாலம். அதை நெருங்கினோம். நான் "மேடு" என்று மட்டும் சொன்னேன். தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல. "காது நல்லாருக்குதுன்னு சொன்னேனே" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

சி ஷிஃப்ட். "எவ்ளோ?" "ரெண்டு." லாவண்யாவோடு போய்விட்டாள். நான் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். லாவண்யாவுக்கு இருபத்தாறு வயது. முழங்கால் என் இடுப்பு உயரத்துக்கு எழும்புகிறது. பேச்சு ஓயவே இல்லை. திலகா சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று எழுதிவிட்டேன், இனி எரியட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர், நானும் அவளும். பன்னிரண்டுக்கு மேல் எனக்கு முடியவில்லை. அவள் பேசாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். நான் குறைக்கச் சொல்லவில்லை. எனக்காகக் குறைக்கிறாள் என்பது நாடாவில் தெரிந்தது.

"நீ லாவண்யாகூடவே வேலூர் ஓடு. நேரம் நல்லா வரும்" என்றேன்.

"பதிவுல உங்க பேருதானே இருக்குது?"

"மாத்திக்கலாம்."

"எனக்கு உங்க கூட ஓடணும் க்கா. பத்து நிமிஷம் லேட்டானா இன்னா, எந்த ரயிலைப் புடிக்கப் போறேன்?"

திரும்பி வரும்போது சேவூர்ப் பக்கத்து வயலில் நாற்று நடுகிறார்கள் என்று சொன்னேன். வாசனை வருது, நான் அப்பவே சொல்லலாம்னு இருந்தேன் என்றாள்.

டிசம்பர் 29, திங்கள்

பி ஷிஃப்ட் வாரம். அப்படியென்றால் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் வேலை முடியும். ஞாயிறு விடியற்காலை மூணரைக்கு வேலூருக்குக் கிளம்ப வேண்டும். ஜீவானந்தத்திடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே பன்னிரண்டு பேர் போட்டோவும் போட்டுப் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். வாழ்த்துகிறோமாம்.

"பேனர் கட்டினது ஹெச்.ஆரு. லைனை ஓட்டறது நானு. ஆள் இல்லம்மா" என்றார்.

ஹெச்.ஆரிடம் போனேன். சூப்பர்வைசரைக் கேளுங்கள் என்றார்கள்.

ஜனவரி 2, வெள்ளி

மறுபடியும் கேட்டேன், அதே பதில். போகாமல் நின்றுவிட்டால்? மூணு நாள் சம்பளம் போவதோடு தீபாவளிக்கு எழுதித் தந்த நிரந்தர வேலைக் கடிதமும் ஆட்டம் காணும். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பதினொன்றேகால். கண்ணை மூடினேன், திறந்தேன், மூடினேன். மூணரைக்கு சரவணனின் கார் வந்துவிட்டது. முன்னால் அவரும் லாவண்யாவும். லாவண்யாவும் தனியாகப் பதிவு செய்திருக்கிறாள். பின்னால் திலகாவும் நானும். ஆர்க்காடு ரோட்டைத் தாண்டுவதற்குள் திலகா கேட்டுவிட்டாள்.

"எவ்ளோ?"

ஐந்து என்று சொல்லலாம். நாலு என்றாலும் போதும். ஆறு மாதம். வழிகாட்டி எண் என் மடியில் இருந்தது, ஊக்கோடு. யாருக்குத் தெரியும்? இருபத்தோரு கிலோமீட்டரும் நான் தூங்காமலே ஓடிவிடலாம். ஓடிவிட்டிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"ரெண்டரை" என்றேன்.

லாவண்யாவின் வாயும் நின்றுவிட்டது. கண்ணமங்கலம் வந்தது. ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது.

திலகா என் கையைத் தேடிப் பிடித்தாள். "லாவண்யாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்" என்று சொல்லி, வழிகாட்டி எண்ணை முன் சீட்டுக்கு நீட்டினேன். லாவண்யா வாங்கவில்லை. "அக்கா, வேணாங்க்கா, நீங்க ஓடுங்க, நான் பின்னாலயே வரேன்" என்று அழுகிற மாதிரி சொன்னாள். சரவணன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அதை வாங்கி அவள் மடியில் வைத்தார். "அவங்க சரியாத்தாம்மா சொல்றாங்க" என்றார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

வேலூரில் மேசையில் இருந்த பெண்ணிடம் விவரம் சொன்னதும் வழிகாட்டி பெயரை லாவண்யாவுக்கு மாற்றிக் கொடுத்தாள். கம்பெனி கணக்கில் இருந்த சாதாரண எண்ணை எனக்குக் கொடுத்தாள். நாடாவை நான்தான் கட்டிவிட்டேன். "இவ லெப்ட்டு பக்கம் கொஞ்சம் சாய்வா, நீ இழுக்காத, தானா நேராவா" என்று லாவண்யாவிடம் சொன்னேன். "தெரியும் க்கா" என்றாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

கிளம்பினதும் நூறு அடிக்குள் அவர்கள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்கள்.

நான் ஓடினேன். ஐந்து கிலோமீட்டர் வரை கோபமாக ஓடினேன், ஜீவானந்தத்தின் மேல், பேனரின் மேல். அப்புறம் கோபமும் களைத்துவிட்டது. விடிந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆறு மாதமாக நான் தரையைத் தவிர வேறு எதையும் பார்த்து ஓடியதில்லை. அடுத்த பத்து அடி, அதற்கடுத்த பத்து அடி. இன்று தலையைத் தூக்கினேன். மலை முழுக்க வெளிச்சம். அவ்வளவு பெரிய மலை.

பதினேழில் நடந்தேன். தூக்கம் காலுக்குள் இறங்கிவிட்டது. பத்தொன்பதிலிருந்து மறுபடி ஓட்டம். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். மூணு மணி வரைதான் கெடு.

முடிவுக் கோட்டைத் தாண்டிப் போனால் சரவணன் ஒரு கையில் வாழைப்பழமும் இன்னொரு கையில் திலகாவுமாக நின்றார். அவள் கழுத்தில் மெடல். இரண்டு மணி இருபத்தொன்பது! என்னை ஒரு கையால் கட்டிக்கொண்டாள். வேர்வையில் இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு.

"எங்க நடந்தீங்க?"

"பதினேழு."

"நான் பதினெட்டுல. லாவண்யாகிட்ட மூத்திரம் வருதுன்னு சொல்லி நின்னேன். வரவே இல்ல."

லாவண்யா, "அடிப் பாவி!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கும்போதே அழுகையும் வந்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சரவணன் பழத்தை உரித்துக் கொடுத்தார்.

ஜனவரி 6, செவ்வாய்

ஏ ஷிஃப்ட். படி இறங்க முடியவில்லை. பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். கேட்டில் அந்தப் பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது.

ஜீவானந்தம், "எத்தினியாவதா வந்தே?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம், சனிக்கிழமை விட்டிருக்கலாம்தான் என்று தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே போனார். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சி ஷிஃப்ட் வாரம். பொங்கலுக்கு முன் கடைசி சரக்கு. இனி சி வாரத்தில் காலை ஓட்டம் கிடையாது, எனக்கு. திலகாவிடம் சொல்லியாயிற்று. அவளும் சரி என்றாள். ஏ வாரமும் பி வாரமும் என்னோடு, சி வாரம் லாவண்யாவோடு. என் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார்கள்.

இன்று காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம். இரும்பேடு நெருங்கும்போது முன் சீட்டு ராஜம்மாள் திரும்பி, "ஏ சுபத்ரா, உன் ஆளு ஓடிகினு போறா பாரு!" என்றாள். அரை பஸ் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. டிரைவர் ஹார்னில் கை வைத்தார். அண்ணே, வேணாம், அடிக்காதீங்க என்றேன். கையை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டினார்.

அவள் ஓடுவதை ரோட்டில் இப்படி எதிரே இருந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பக்கத்தில் அல்லவா இருந்தேன். கழுத்து நேராக, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, காற்றைக் குடிப்பது மாதிரி வருகிறாள். இவ்வளவு அழகாகவா ஓடுவாள்? ரோட்டில் இவள் பாட்டுக்கு வருகிறாள், பக்கத்தில் லாவண்யாவின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாட்டு வண்டி, ஸ்கூல் வேன், ஒரு நாய், எல்லாம் அவர்களுக்கு வழிவிட்டுப் போயின.

பஸ் தாண்டிவிட்டது. திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பனிமூட்டத்தில் இரண்டு முதுகுகள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். பாப்பா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. இதோடு எப்படித் தூங்குவது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

எழுந்தபோது மணி மூன்று.